ஒன்றைக் கழி

அந்தக் கழிவுக் காகித யார்டுக்கு நான் போய் இறங்கிய காலையில் மழை அப்போதுதான் விட்டிருந்தது. கேட்டைத் தாண்டியதும் முதலில் வந்து மோதுவது வாடை. நனைந்த அட்டைப்பெட்டி, பசை, எலிப் புழுக்கை, கிரீஸ் எல்லாம் கலந்த வாடை. எனக்கு அது புதிதில்லை. எங்கள் அப்பா கிடங்கில் மூட்டை தூக்கியவர், அம்மா அதே கிடங்கைக் கூட்டியவள். படித்து முடித்துக் கம்ப்யூட்டர் கம்பெனியில் நாற்காலி கிடைத்த பிறகும் மூக்கைப் பொத்தும் பழக்கம் எனக்கு வரவில்லை.

என் தம்பிக்கு அந்த யார்டில்தான் வேலை.

யார்டின் நடுவில் அமுக்கு மெஷின் நின்றது. ப்ரெஸ் என்பார்கள். ஒரு லாரியின் நீளத்துக்கு இரும்புத் தொட்டி. மேலே ஓடும் பெல்ட் காகிதத்தைக் கொண்டுவந்து உள்ளே கொட்டும். ஒரு பக்கத்திலிருந்து கனத்த தகடு நகர்ந்து வந்து அத்தனையையும் நெரித்துக் கட்டாக்கும், கம்பி தானாகச் சுற்றிக்கொள்ளும். கம்பி சிக்கிக்கொண்டால் பக்கத்துக் கதவைத் திறந்து ஓர் ஆள் உள்ளே இறங்கி எடுத்துவிட வேண்டும். இருப்பவர்களில் ஒல்லி என் தம்பி. அதனால் இறங்குவது எப்போதும் அவன்.

வேறு ஒரு யார்டில் யாருக்கோ கை போனதாகப் பேச்சு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் கம்பெனிக்கு இந்த யார்டின் வேலை வந்தபோது நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தொட்டிக்கு மேல் ஒரு கேமரா. அது காட்டும் படத்தில் மனித உருவம் எங்கே இருந்தாலும் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் போட்டு, எத்தனை பேர் என்று எண்ணும் நிரல். பூஜ்யம் என்றால் பச்சை விளக்கு எரியும், ஸ்விட்ச் வேலை செய்யும். ஒன்றோ அதற்கு மேலோ என்றால் சிவப்பு. ஸ்விட்சை எவ்வளவு அமுக்கினாலும் மெஷின் அசையாது.

அதுவரை அங்கே இருந்த பாதுகாப்பு ஒரு தொண்டை மட்டும்தான். ஆபரேட்டர் ஸ்விட்சைத் தொடுமுன் "உள்ள யாரு?" என்று ஒரு சத்தம் போடுவார். பதில் வராவிட்டால் ஓட்டுவார். குரலை வைத்து அவருக்கு ஆரன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"வா பாப்பா," என்றார் ஆரன். "இனிமே என் தொண்டைக்கு ஓய்வுன்னு உன் தம்பி சொன்னான். கத்தி கத்திப் பொண்டாட்டிகிட்ட பேசக்கூட சத்தம் வரல."

"அண்ணி அதுக்குத்தான் சந்தோஷமா இருக்காங்களாம்," என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கண்ட்ரோல் ரூம் என்பது தொட்டியை ஒட்டிய ஒரு தகர அறை. ஒரு மேஜை, அதன்மேல் பழைய கம்ப்யூட்டர். வெள்ளையாக இருந்த பெட்டி, பீடிப் பல் நிறத்துக்கு வந்திருந்தது. ப்ரெஸ்ஸோடு சேர்த்து வாங்கியதாம். ப்ரெஸ்ஸின் ஒயர்கள் வந்து சேரும் மின்சுற்று அட்டை அந்தப் பழைய பெட்டிக்குள் மட்டுமே பொருந்தும், அதனால் புதுசுக்கேற்ற அட்டை வரும்வரை வேறு கம்ப்யூட்டர் வைக்க வழியில்லை. ஜன்னல் கண்ணாடி வழியாகத் தொட்டியின் பக்கத்துக் கதவு தெரிந்தது. அந்தப் பெட்டியின் மின்விசிறி ஒரு மாதிரி இழுத்து இழுத்துச் சுற்றியது. சளி கட்டிய ஆள் தூங்கும்போது கேட்கும் சத்தம்.

என் லேப்டாப்பில் முதலில் ஓட்டிக் காட்டினேன். தொட்டி காலி, எண்ணிக்கை பூஜ்யம். தம்பி உள்ளே இறங்கினான், ஒன்று. கூடவே மெஷினைப் பழுது பார்க்கும் ஃபிட்டர் அண்ணன் இறங்கினார், இரண்டு. ஏறி வந்தார்கள், பூஜ்யம். பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

அதே நிரலை அதே கேமராவோடு அந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

தொட்டி காலி. எண்ணிக்கை ஒன்று.

சிவப்பு விளக்கு.

திரையில், தொட்டியின் இடது மூலையில், வெறும் இரும்புத் தரையின்மேல் மஞ்சள் கட்டம் நின்றது. குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் அளவு.

"ஏம்மா," என்றார் பின்னால் நின்ற யார்டு சூப்பர்வைசர், "ஆளே இல்லாத எடத்துல ஆள் இருக்குன்னு சொல்றதுக்கா இவ்வளவு படிச்ச?"

"என் லேப்டாப்புல சரியா ஓடுது சார்."

"எங்க வீட்டு டிவி கூட கடையில நல்லாத்தான் ஓடுச்சு."

இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் ஒரு நாளாவது சொல்லிவிட்டு வெட்கப்படும் வாக்கியம் அது, என் கம்ப்யூட்டரில் ஓடுகிறதே என்பது. ஒரே நிரல் ஓரிடத்தில் ஓடி இன்னோரிடத்தில் விழுந்தால் பேயும் இல்லை பூதமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு வித்தியாசம் இருக்கிறது. அது கண்ணில் படும்வரை தேட வேண்டியதுதான். நான் தேடினேன். நிரல் நம்பியிருக்கும் துணை நிரல்களின் பதிப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். பழையதை அழித்துவிட்டு லேப்டாப்பில் இருப்பதையே அப்படியே நகலெடுத்துப் போட்டேன். மெமரியைக் கழற்றி வேறு மாட்டினேன். ஹார்ட் டிஸ்க்கையே மாற்றினேன், மேஜைக்கு அடியில் படுத்து, வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு.

ஒன்று.

வெளிச்சம் விழும் விதமாக இருக்கலாம் என்று தார்ப்பாய் கட்டச் சொன்னேன். தம்பி விளக்குமாற்றோடு உள்ளே இறங்கி அந்த இடது மூலையைக் கூட்டினான். திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்றுக்குள் என் தம்பி குனிந்து கூட்டிக்கொண்டிருந்தான். வெறுமையான இன்னொன்று, விளக்குமாறு அருகே வந்தபோது, வழி விடுவதுபோல் சற்று ஒதுங்கியது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையாமல் இல்லை. மெல்ல அகன்றது, மெல்லக் குறுகியது. மறுபடி அகன்றது. நிழலோ தூசியோ அப்படிச் செய்யாது.

மூச்சு விடுபவர்தான் அப்படி இருப்பார்.

"தம்பி, ஏணி போட்டு ஏறி அந்தக் கேமராவ துணியால நல்லா மூடுடா."

"எதுக்குக்கா?"

"மூடுன்னா மூடு."

அவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கேமராவில் சுற்றினான். இரண்டு திரைகளும் கறுத்தன. லேப்டாப்பில் கறுப்பு, எண்ணிக்கை பூஜ்யம். அதுதான் நியாயம். கண்ணைக் கட்டிவிட்டால் எதைப் பார்த்து எண்ணும்?

பழைய கம்ப்யூட்டரிலும் கறுப்பு.

கறுப்புக்கு நடுவில் மஞ்சள் கட்டம்.

எண்ணிக்கை ஒன்று.

மேஜைக்கு அடியில் மின்விசிறி இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டம் அகல்வதும் அந்த இழுப்பும் ஒரே தாளத்தில் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். கேமராவிலிருந்து துண்டை எடுத்துவிடச் சொன்னேன். எழுந்து வெளியே போய், வெயிலில் நின்றேன்.

வெளியே லாரிகள் வரிசை கட்டி நின்றன. மழையில் நனைந்த காகிதம் சீக்கிரம் அழுகும். அமுக்காமல் விட்டால் எடை போட்டு அனுப்ப முடியாது, அனுப்பாவிட்டால் அன்றைக்கு யாருக்கும் கூலி கிடையாது. பெண்கள் குப்பைக் குவியலின்மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சின்ன வயதில் என் அம்மாவின் பக்கத்தில் அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

சூப்பர்வைசர் வந்தார். இம்முறை கத்தவில்லை. "இங்க பாரும்மா. எல்லா நேரமும் ஒண்ணு கூடத்தானே காட்டுது? ரெண்டு, மூணுன்னு மாறலையே?"

"இல்ல சார். எப்பவும் ஒண்ணுதான் கூட."

"அப்ப ஒண்ணக் கழிச்சு விடு. என்ன பெரிய வித்தை? எங்க எடை மெஷின் கூட அஞ்சு கிலோ கூடக் காட்டும். கழிச்சுட்டுத்தான் எழுதுறோம்."

"எடைக்கும் ஆளுக்கும் வித்தியாசம் இருக்கு சார்."

"அக்கா, போட்டு விடுக்கா," என்றான் தம்பி. "புது அட்டை வர வரைக்கும்தானே. நான் உள்ள எறங்குனா ரெண்டு ஆகும், கழிச்சா ஒண்ணு வரும், செவப்பு எரியும். அவ்வளவுதானே வேணும்?"

கணக்கு சரி. அதில் தப்புக் கண்டுபிடிக்க எனக்கு அப்போது முடியவில்லை. ஒரு வரி எழுதினேன். இந்தக் கம்ப்யூட்டரில் ஓடினால், எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழி.

பச்சை எரிந்தது. தம்பியை உள்ளே இறக்கிச் சோதித்தேன், சிவப்பு. ஏற்றிச் சோதித்தேன், பச்சை. ஆரன் வாயைத் திறக்காமலே ஸ்விட்சை அமுக்கினார். எச்சரிக்கைச் சங்கு ஊதி அடங்கியதும் பம்பு முனகியது, பெல்ட் நகர்ந்தது. குவியலின்மேல் இருந்த பெண்கள் எழுந்து சேலையை உதறிக்கொண்டார்கள்.

நான் திரையைப் பார்த்திருக்கக் கூடாது.

காகிதம் கொட்டி மூலையை மூடியது. கட்டம் காகிதத்துக்கு மேலே தெரிந்தது. தகடு நகர்ந்து வந்தது. தகடு நெருங்க நெருங்கக் கட்டம் குறுகியது. குறுகிக் குறுகி ஒரு மஞ்சள் கோடானது. தகடு திரும்பிப் போனது. கோடு அப்படியே சிறிது நேரம் கிடந்தது.

பிறகு மெல்ல விரிந்து ஆளானது.

அடுத்த கட்டு. மறுபடி கோடு. மறுபடி ஆள்.

அன்று முழுக்க அப்படித்தான். ஆரன் பக்கத்தில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது பச்சை விளக்கை மட்டும். வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடினால் இமைக்குள் அந்தக் கோடு வந்து விரிந்தது.

மறுநாளும் போனேன், கூப்பிடாமலே. வேலை முடிந்துவிட்டதே, எதற்கு வந்தாய் என்று சூப்பர்வைசர் கேட்டார். சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். உட்கார முடியவில்லை. கண்ட்ரோல் ரூமுக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். முள்ளின்மேல் நிற்பவள்போல் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு மெஷினை நிறுத்தியிருந்தார்கள். எண்ணெய்க் குழாயின் நட்டை முறுக்கிக்கொண்டிருந்த ஃபிட்டர் அண்ணன் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணே, இந்த ப்ரெஸ்ஸ எங்கேருந்து வாங்குனாங்க?"

"மூடிப்போன ஒரு யார்டுலேருந்து. நாந்தான் தங்கச்சி போய்க் கழட்டி லாரியில ஏத்துனேன். அந்தக் கம்ப்யூட்டரும் அங்கயே இந்த மெஷினு பக்கத்துலதான் இருந்துச்சு, வருஷக்கணக்கா. சேத்துத் தூக்கிட்டுப் போங்கன்னுட்டாங்க."

"நல்லா ஓடுற மெஷினு. ஏன் மூடுனாங்க?"

அவர் ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"ஒரு ஆள உள்ள வச்சு ஓட்டிட்டாங்கன்னு பேச்சு. கம்பி சிக்கிக்கிச்சாம். தனியா இழுக்க முடியல, ஒரு கை குடுங்கடான்னு கூப்பிட்டிருக்காரு. எல்லாம் சாப்பாட்டு நேரம், யாரும் எழுந்திரிக்கல. அவரே எறங்கிட்டாரு. இவனுங்க சாப்பிட்டுட்டு வந்து ஓட்டிட்டானுங்க."

"பேரு என்ன அவருக்கு?"

"பேரெல்லாம் யாரு கேட்டா? கூலிக்கு வந்த ஆளு. கணக்குல இல்லன்னு சொல்லிட்டாங்களாம். அன்னைக்கு வேலைக்கு வந்ததே பதினோரு பேருதான்னு எல்லாரும் ஒரே வாயா சொல்லியிருக்காங்க."

ஆளையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நேற்று நானும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

அதற்குப் பின்னால், அதைவிட மோசமான ஒன்று மெல்லத் தலை தூக்கியது. நான் எழுதிய வரி எப்போது சரி? அவர் அந்த மூலையிலேயே உட்கார்ந்திருக்கும் வரைக்கும்தான் சரி. என் தம்பி இறங்கினால் இரண்டு, கழித்தால் ஒன்று, சிவப்பு. ஆனால் அவர் எழுந்து போய்விட்டால்?

அப்போது உள்ளே இருப்பது என் தம்பி ஒருவன்தான். ஒன்று. கழித்தால் பூஜ்யம்.

பச்சை.

"தம்பி எங்கண்ணே?"

"சாப்பிட்டு இந்தப் பக்கந்தான் போனான்."

கண்ட்ரோல் ரூமுக்கு ஓடினேன். அந்த வரியை முதலில் அழிக்க வேண்டும், மற்றது பிறகு. ஆரன் கை கழுவிவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார். கத்தவில்லை. கத்தும் வழக்கத்தை ஒரே நாளில் விட்டுவிட்டார், பச்சை விளக்குத்தான் இருக்கிறதே. அவர் விரல் ஸ்விட்சின்மேல் இருந்தது.

திரையில் ஒரே ஒரு மஞ்சள் கட்டம். இடது மூலையில், நேற்று இருந்த அதே இடத்தில்.

அந்தக் கட்டம் இப்போது வெறுமையாக இல்லை.

அதற்குள் என் தம்பியின் முதுகு தெரிந்தது.

ஆரனின் விரல் அமுங்கியது. சங்கு ஊதியது. நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. மேஜை ஓரத்தில் இருந்த சிவப்பு நிறுத்துக் குமிழின்மேல் முழு உடம்போடு போய் விழுந்தேன். நாற்காலி சரிந்தது, ஆரன் கீழே விழுந்தார். பம்பு ஒரு தரம் உறுமிவிட்டு நின்றது.

தகடு ஒரு சாண் நகர்ந்திருந்தது.

கதவைத் திறந்து ஃபிட்டர் அண்ணன் அவனை வெளியே இழுத்துப் போட்டார். காயம் ஒன்றும் இல்லை. முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. நான் அவனை மாறி மாறி அறைந்தேன். பிறகு கட்டிக்கொண்டேன்.

"கம்பி சிக்கலையே, எதுக்குடா எறங்குன? எதுக்குடா?"

"கூப்டாங்கக்கா."

"யாரு?"

"உள்ளேருந்து. 'தனியா முடியல, ஒரு கை குடு தம்பி'ன்னு. நம்ம ஆளு யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னுதான் எறங்குனேன். விளக்கு செவப்பாயிரும்னு தெரியுமே, அந்த தைரியம்." தொட்டிக் கதவைத் திரும்பிப் பார்த்தான். "உள்ள போயி பாத்தா யாருமில்ல. ஆனா நான் கதவுல நுழையும்போது என்னைய ஒரசிக்கிட்டு யாரோ வெளிய போனாங்கக்கா. தோளு இடிச்சுது."

ஆரன் தரையில் உட்கார்ந்தபடியே தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போய்த் திரையைப் பார்த்தேன். தொட்டி காலி. கட்டம் இல்லை. அந்த ஒரு வரியை அழித்தேன். பூஜ்யம். லேப்டாப்பை வைத்துப் பார்த்தேன். பூஜ்யம். இரண்டு கம்ப்யூட்டரும் முதன்முறையாக ஒரே பதிலைச் சொல்லின. இரண்டு நாளாக நான் கேட்டுத் தவித்தது அதைத்தான். மேஜைக்கு அடியில் மின்விசிறி சத்தமே இல்லாமல், புதியதுபோல் சுற்றியது.

சூப்பர்வைசர் அன்றைக்கு யார்டைச் சீக்கிரமே மூடிவிட்டார். வெயில் இருக்கும்போதே எல்லோரும் கிளம்பினோம். கூட்டமாக, தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கு நடந்தோம். நான் கடைசியில் வந்தேன். பக்கத்தில் மெதுவாக ஒரு குரல், "வீட்டுக்குத்தானே?" என்றது.

"ஆமா. வா, போலாம்," என்றேன்.

மறுநாள் மற்றவர்களுக்கு முன்னால் யார்டுக்கு வந்தேன். தூங்கவில்லை. ஒரே ஒரு கேள்வி தலைக்குள் எறும்பு மாதிரி ஊர்ந்தது. தொட்டியில் இல்லை என்றால், எங்கே?

கேட்டில் ஒரு கேமரா உண்டு. அதன் படமும் அந்தப் பழைய கம்ப்யூட்டரில்தான் பதிவாகும். முந்தின நாள் நாங்கள் வெளியேறிய பதிவை எடுத்தேன். முதலில் லேப்டாப்பில் ஓட்டினேன். கூட்டம் கேட்டைத் தாண்டுகிறது. ஆளுக்கொரு கட்டம். பதினாறு பேர்.

பழைய கம்ப்யூட்டரில் ஓட்டினேன்.

பதினேழு.

நிறுத்தி, கட்டம் கட்டமாக எண்ணினேன். என் தம்பியைச் சுற்றித் தேடினேன். அவன் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அவன் எனக்கு வெகு முன்னால், கேட்டுக்கு வெளியே குழாயடியில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

கூட்டத்தின் கடைசியில் நான் வந்தேன். என்னை ஒட்டி ஒரு வெறும் கட்டம். தோளோடு தோள். என் நடைக்குச் சரியாக அதுவும் நடந்தது. ஓரிடத்தில் அது சற்றுக் குனிந்து என் காதருகில் வந்தது. திரையில் இருந்த நான் அந்தப் பக்கம் திரும்பினேன். என் உதடு அசைந்தது.

ஆமா. வா, போலாம்.

என் தம்பிதான் கேட்டான் என்று நினைத்திருந்தேன். ஒரே வீட்டில் இருப்பவன் வீட்டுக்குத்தானே என்று ஏன் கேட்கப்போகிறான்?

தொட்டிக் கேமராவைக் கழற்றி என்மேல் பிடிக்க வேண்டும். இப்போதே, இந்தக் கம்ப்யூட்டரில், இந்த அறையைப் பார்க்க வேண்டும். ஒயரைக் கழற்ற எழுந்தேன். கதவை உதைத்துத் திறந்துகொண்டு ஆரன் வந்தார். கண் சிவந்திருந்தது. அவரும் தூங்கியிருக்கவில்லை.

"நகரு பாப்பா."

"அண்ணே, ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் குடுங்க."

"நேத்து என் கையால ஒரு உசுரு போயிருக்கும். இந்தச் சனியன் இருக்கிற ரூம்ல நான் உக்கார மாட்டேன்."

பிளக்கைப் பிடுங்கினார். பெட்டியை மார்போடு தூக்கிக்கொண்டு போனார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடினேன். இரும்புக் குவியலுக்கு முன்னால் அதைப் போட்டு, பெரிய சம்மட்டியால் அடித்தார். தகரம் நசுங்கி, உள்ளே இருந்த பச்சை அட்டைகள் துண்டு துண்டாகச் சிதறும்வரை அடித்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் தடுக்கவில்லை. சிலர் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கேற்ற அட்டையும் வந்தது. நிரல் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. காலி என்றால் பூஜ்யம், ஆள் என்றால் ஒன்று. ஆனாலும் ஆரன் மறுபடி "உள்ள யாரு?" என்று கத்த ஆரம்பித்துவிட்டார், பச்சை எரிந்தாலும் கத்துகிறார். என் தம்பி இப்போது லோடு வண்டி ஓட்டுகிறான். ப்ரெஸ்ஸுக்குள் இறங்குவதில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

ஆபீஸில் என்னைப் பாராட்டினார்கள். என் லேப்டாப்பின் கேமராவை என் பக்கம் திருப்பி ஒவ்வொரு நாளும் ஓட்டிப் பார்க்கிறேன். ஒன்று என்கிறது. ஆபீஸில் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரிலும் பார்த்துவிட்டேன். எல்லாம் ஒன்று என்கின்றன. இல்லை, இரண்டு என்று சொல்லத் தெரிந்த ஒரே கம்ப்யூட்டர் இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

எங்கள் தெரு முனை பஸ் ஸ்டாப்பில் ஒரு மரப் பெஞ்சு கிடக்கிறது. நீளப் பலகை, நடுவில் மட்டும் கால். ஒரு ஓரத்தில் தனி ஆள் உட்கார்ந்தால் அந்த ஓரம் தரையில் போய் இடிக்கும், மறு ஓரம் மேலே தூக்கிக்கொள்ளும். தெருவில் எல்லோருக்கும் தெரியும், ஜோடி இல்லாமல் யாரும் அதில் உட்கார மாட்டோம். இன்று காலை ஏதோ யோசனையில் ஓரத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பலகை அசையவில்லை.

மறு ஓரத்தைப் பார்த்தேன். யாரும் இல்லை. பஸ் ஸ்டாப்பிலேயே யாரும் இல்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தேன்.

நான் உட்கார்ந்திருந்த ஓரம் என்கூடவே மேலே எழும்பி, அப்படியே நின்றது.